கூடப் பிறக்காத தம்பிகள்

சைத்ர மாதத்துப் பௌர்ணமியன்று, நள்ளிரவு தாண்டியபின், பெங்களூரு பழைய பேட்டையில் உள்ள தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும். சுமப்பவர் ஓர் ஆண் பூசாரி. சேலை கட்டி, வளையல் அணிந்து, அந்த இரவு முழுவதும் அவர் திரௌபதி. தலையில் கோபுரம்போல் எழும்பிய மல்லிகைப் பூக்குவியல், அதற்குள் கரகம். நடந்தாலும் சுழன்றாலும் குனிந்தாலும் கை அதைத் தொடக்கூடாது. அவரைச் சுற்றி வெள்ளை வேட்டியும் வெற்று மார்புமாக, உருவிய வாளைப் பிடித்தபடி ஓடி வருகிறவர்கள் வீரகுமாரர்கள். 'கோவிந்தா கோவிந்தா' என்று குரல் எழும். வாளின் தட்டைப்பக்கம் மார்பில் தாளமாக விழும். பல நாள் விரதம் இருந்து, குடும்பத்தைவிட்டு விலகியிருந்து, இந்த வாளைக் கையில் வாங்கியவர்கள் அவர்கள். கரகம் தவறி விழுந்தால் அதே வாள் முதலில் சுமந்தவர்மேல் பாயும், பிறகு தங்கள்மேலேயே திரும்பும் என்பது மரபு.

இவர்கள் படைவீரர்களா, பூசாரிகளா? இரண்டும்தான். மற்ற நாட்களில் இரண்டுமே இல்லை. இவர்கள் திகளர் சமூகத்தார், குலத்தொழில் தோட்டவேலை. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக்கோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வரலாறு. வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். கீரையும் பூவும் பயிரிட்ட இந்த மக்கள் தங்களை அக்கினியில் பிறந்த க்ஷத்திரியர்கள் என்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் கதை வியாசர் சொல்லாதது. பாரதப் போர் முடிந்து பாண்டவர்கள் மேலுலகம் போகிறார்கள். வழியில் திரௌபதி மயங்கி விழ, கவனிக்காமல் முன்னே நடந்துவிடுகிறார்கள். கண் விழித்தால் எதிரே திமிராசுரன். அவள் ஆதிசக்தியாகித் தன் உடம்பிலிருந்தே ஒரு படையை உண்டாக்குகிறாள். அந்தப் படைதான் வீரகுமாரர்கள். அசுரன் ஒழிந்தபின் பிள்ளைகள் தாயை விட மறுக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறாள். அவள் வருகிற நாட்கள்தான் கரகத் திருவிழா. போருக்கென்றே பிறந்து, போர் முடிந்ததும் தாயை இழந்த பிள்ளைகளின் கதை இது. இதற்குள் இருக்கும் ஏக்கம் எனக்கு எந்த வெற்றிக் கதையிலும் கிடைத்ததில்லை.

விண்வெளிக் கதைகளில் அடிக்கடி வருகிற ஒரு வேற்றுக்கிரக இனம் உண்டு. போர்தான் அவர்களுக்கு மதம், போர்வீரன்தான் பூசாரி, சாவுதான் மோட்சம். வாசகனுக்கு அது விசித்திரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்கு வேறு நிறத் தோலும் வேறு வடிவ மண்டையும் கொடுக்கிறார்கள். மனித வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் அந்த ஒப்பனை தேவையில்லை. ஜெருசலேமில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவு விரதத்தோடு வாளேந்திய டெம்ப்ளர்கள், 1571இல் ஓடா நோபுநாகாவால் எரித்து அழிக்கப்பட்ட என்ரியாகுஜி மடத்து ஜப்பானியப் பிக்குப் படை, பலியிடக் கைதிகளைப் பிடிப்பதற்கென்றே 'பூப் போர்' நடத்திய ஆஸ்டெக்குகள் என்று வரிசை நீளும். நம் நாட்டில், 18ஆம் நூற்றாண்டில் கூலிப்படைத் தளபதியாக இருந்த அனூப்கிரி கோசாயின் ஒரு சைவ சந்நியாசி. 1761 பானிபட்டிலும் 1764 பக்ஸாரிலும் அவருடைய நாகா துறவிகள் சண்டையிட்டார்கள்.

இவையெல்லாம் வெகுதூரம். தென்னாட்டுக் கல்வெட்டுகள் சொல்வது இன்னும் ஆழமானது. எதிரியைக் கொல்வதைவிடத் தன்னைக் கொடுப்பதுதான் இங்கே போர்ப்பக்தியின் உச்சமாக இருந்திருக்கிறது.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். பாண்டவர் பெயர்களெல்லாம் பின்னால் வந்தவை. அது கொற்றவையின் கோயில். உள்ளே பின்சுவரில் நான்கு கைகளோடு தேவி நிற்கிறாள். காலடியில் மண்டியிட்ட இருவரில் ஒருவன் இடது கையால் தன் தலைமுடியைப் பிடித்திருக்கிறான், வலது கையில் வாள் கழுத்தருகே. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். முகத்தில் வலியோ வெறியோ தெரியாது. பூப்பறிக்கிறவனின் நிதானம்தான் தெரியும். நவகண்டம், அரிகண்டம் என்று சொல்லப்படும் இந்தத் தன்பலி வெறும் சிற்பக் கற்பனையாக நின்றுவிடவில்லை. நெல்லூர்ப் பகுதி மல்லத்தில் கம்பவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒருவன் பட்டாரி என்ற தேவிக்குத் தன் உடம்பின் ஒன்பது இடங்களில் சதை அரிந்து வைத்து, கடைசியில் தலையையும் அறுத்து வைத்ததை அது பதிகிறது. அதற்காக அவன் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கப்பட்டதையும் அதே கல்வெட்டே சொல்கிறது.

அந்த நிலத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதற்கு வர வேண்டும்.

போசளர் காலத்துக் கருடர்கள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். அரசனோடு வாழ்ந்து அரசனோடே சாவதாகச் சபதம் எடுத்த மெய்க்காவலர்கள். இரண்டாம் வீரவல்லாளன் 1220வாக்கில் இறந்தபோது, அவனுடைய அமைச்சனும் தளபதியுமான குவர லட்சுமன், மனைவி சுக்கலதேவியோடும் தன் வீரர்களோடும் உயிர்விட்டான். ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலில் அதற்கான கல்வெட்டுத் தூண் நிற்கிறது. தன் தலையைத் தானே அறுக்கும் வீரர்களின் உருவங்கள் அதில் உண்டு. மண்டியா மாவட்டம் அக்ரஹார பாச்சஹள்ளியில் உள்ள தூண்களோ ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அரசர்களுக்குக் கருடராகி மாண்டவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. தாத்தா ஓர் அரசனோடு, அப்பா அடுத்த அரசனோடு, மகன் அதற்கடுத்த அரசனோடு.

சோழப் படையில் இதேபோல் இருந்தவர்கள் வேளைக்காரர்கள். இலங்கைப் பொலன்னறுவையில் அவர்கள் விட்டுச்சென்ற தமிழ்க் கல்வெட்டு எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த ஆவணம். முதலாம் விஜயபாகு 1110வாக்கில் மறைந்தபின், புத்தரின் தந்தத் தாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. புத்த பிக்கு கேட்டுக்கொண்டதன்பேரில் இந்தத் தமிழ்ப் படையினர் ஒன்றுகூடி, தங்களுக்கு அழிவே வந்தாலும் அந்தக் கோயிலையும் அதன் ஊர்களையும் அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோயிலுக்கே 'மூன்றுகைத் திருவேளைக்காரர்' என்று தங்கள் பெயரைச் சேர்த்தார்கள். தங்கள் மதம் வேறு, காத்த தெய்வம் வேறு. சபதம் மட்டும் அதே சபதம்.

இந்தச் சபதம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதற்கு அரபு எழுத்தாளர் அபூ ஸைத் அல்-ஸிராஃபி பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். இந்திய அரசர்கள் சிலர் பட்டமேறும்போது சோறு சமைக்கப்படும். அரசன் சாப்பிட்ட அந்தச் சோற்றில் முந்நூறு நானூறு பேர் தாமாக முன்வந்து ஆளுக்கொரு கவளம் வாங்கிச் சாப்பிடுவார்கள். அவன் இறக்கும் நாளில் அத்தனை பேரும் தீக்குளிக்க வேண்டும். ஒரு கவளச் சோறுதான் ஒப்பந்தம்.

இப்போது உயிரியலுக்கு வருவோம். ஓர் உயிர் தன்னைத்தானே ஏன் அழித்துக்கொள்ள வேண்டும்? டார்வினுக்கே தலைவலி தந்த கேள்வி இது. தன்னைப் பலிகொடுக்கும் குணம் வாரிசு இல்லாமல் அழிந்துபோயிருக்க வேண்டுமே. 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினார். என் மரபணுக்களின் நகல்கள் என் உடம்பில் மட்டும் இல்லை. உடன்பிறந்தவரிடம் பாதி, ஒன்றுவிட்ட உடன்பிறப்பிடம் எட்டில் ஒரு பங்கு. நான் செத்து அவர்கள் போதுமான எண்ணிக்கையில் பிழைத்தால் அந்தக் குணமும் பிழைக்கும். இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ உயிரைக் கொடுப்பேன் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் முன்பே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிவந்து, புவனேசுவரத்தில் இறந்த அதே ஹால்டேன்.

மல்லத்து நிலம் இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்காருகிறது. போரில் விழுந்தவன் குடும்பத்துக்குத் தமிழகத்தில் உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்தார்கள். கன்னட நாட்டில் நெத்தரு கொடகை. பெங்களூரு என்ற ஊர்ப்பெயர் வருகிற மிகப் பழைய கல்வெட்டே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறக்குறைய பொ.ஆ. 890ஐச் சேர்ந்த கல்தான். அது பேசுவது 'பெங்களூரு யுத்தத்தில்' இறந்துபோன ஒருவனைப் பற்றி. ஊரின் பெயர் பதிவானதே ஒரு சாவுச் செய்தியில். இந்த நகரைச் சுற்றி ஏரிக்கரைகளிலும் கோயில் சுவரோரங்களிலும் நிற்கும் நடுகற்கள் எத்தனையோ. கீழ்த் தட்டில் சண்டை, நடுவில் தேவகன்னியர் தூக்கிச்செல்லும் வீரன், மேலே சிவலிங்கத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பது என்று மூன்று தட்டுகளாகச் செதுக்கிய கற்கள். செத்தவன் தெய்வமாகிறான், வீட்டார் நிலம் பெறுகிறார்கள். மரபணுக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

ஆனால் முழுக் கதை அதில் அடங்கிவிடவில்லை. படையில் பக்கத்தில் நிற்பவன் கூடப் பிறந்தவன் இல்லை. அவனுக்காக ஏன் சாக வேண்டும்? அரசன் யாரோ, நான் யாரோ. ஹாமில்டன் கணக்கில் அவனுக்கு என்னிடம் பங்கே கிடையாது. இங்கேதான் சடங்கு உள்ளே வருகிறது. உறவில்லாதவனை உறவாக்குகிற வேலையை மனிதர்கள் சோற்றால் செய்தார்கள், நெருப்பால் செய்தார்கள், வலியால் செய்தார்கள். வீரகுமாரர்கள் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று கதை சொல்வது தற்செயலாக இருக்க முடியாது.

ரிச்சர்ட் ஸோஸிஸும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உலகெங்கும் உள்ள 60 சமூகங்களின் ஆண்களுக்கான சடங்குகளை எடுத்து, எவ்வளவு வலி, எவ்வளவு ஆபத்து, உடம்பில் எவ்வளவு நிரந்தர வடு என்று மதிப்பிட்டார்கள். எந்தச் சமூகம் அதிகம் போரிடுகிறதோ அங்கேதான் சடங்கும் அதிகக் கொடுமையாக இருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. சண்டையில் ஓடிப்போகிறவனால் மற்றவர்களுக்குச் சாவு. யார் ஓடமாட்டான் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். வாய்ச்சொல்லை யாரும் சொல்லிவிடலாம். நெஞ்சில் வாளை அடித்துக்கொள்வதை, கன்னத்தில் அலகு குத்திக்கொள்வதைப் பொய்யாகச் செய்ய முடியாது. அமோட்ஸ் ஸஹாவி 1975இல் மயில் தோகையைப் பற்றிச் சொன்ன அதே வாதம் இது: விலை அதிகமான அடையாளம்தான் நம்பத் தகுந்த அடையாளம்.

வலி அடையாளமாக மட்டும் நிற்பதில்லை, உடம்புக்குள்ளும் வேலை செய்கிறது. ஆக்ஸ்போர்டில் படகுப் போட்டி வீரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே அளவு உழைப்பு. தனியாகத் துடுப்புப் போட்டபோதும், சேர்ந்து ஒரே தாளத்தில் போட்டபோதும், பிறகு எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து செய்த பிறகு வலி தாங்கும் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலி நிவாரணி அதிகம் வெளிப்பட்டதன் அறிகுறி என்று அதை எடுத்துக்கொள்கிறார்கள். அபின் எந்த வாசலைத் தட்டுகிறதோ அதே வாசலைத்தான் எண்டார்ஃபினும் தட்டுகிறது. தாளம், கூட்டம், உழைப்பு, உறக்கமின்மை இவையெல்லாம் கரக இரவில் ஒன்றாகச் சேர்கின்றன. விடிய விடிய வாளோடு ஓடியும் களைப்புத் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் நம்புவேன்.

இதைவிட வியப்பான அளவீடு ஸ்பெயின் நாட்டு சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரில் எடுக்கப்பட்டது. ஜூன் 23 இரவு அங்கே தீமிதி. நம்மூர்போலவே கனன்று கிடக்கும் தணல்; வேறுபாடு, முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு மிதிப்பார்கள். இவானா கொன்வலின்கா, டிமிட்ரிஸ் ஜிகலாடஸ் முதலானோர் மிதிப்பவர்களின் மார்பிலும் பார்வையாளர்களின் மார்பிலும் இதயத் துடிப்பு மானிகளைக் கட்டினார்கள். 2011இல் வெளிவந்த முடிவு இது: ஒருவர் தீயில் இறங்கும்போது, கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்த அவருடைய உறவினர்களின், நண்பர்களின் இதயமும் அவருடைய இதயத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. சம்பந்தமில்லாத பார்வையாளர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. தீயை ஒருவர் மிதித்தார், உடம்புகள் பல மிதித்தன.

அதே ஜிகலாடஸ் பிறகு நம்மவர்களிடம் வந்தார். மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடி. நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தி, முதுகுத் தோலில் கொக்கி மாட்டித் தேர் இழுத்துப் பல மணி நேரம் வெயிலில் நடப்பவர்கள். சடங்கு முடிந்து வந்தவர்களுக்கு, ஒரு கேள்வித்தாளை நிரப்பியதற்காக 200 ரூபாய் கொடுத்தார்கள். போகிற வழியில் ஓர் உண்டியல். யாரும் பார்க்காத இடத்தில் விருப்பம்போல் போடலாம். சாதாரண பஜனைக்கு வந்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய 80 ரூபாய் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 130. காவடி எடுக்காமல் கூடவே நடந்துவந்தவர்கள் 160! வலி அதிகம் என்று சொன்னவர்கள் கொடுத்ததும் அதிகம். 2013இல் இது வெளியானது. நம் வீட்டில் காவடிக்குப் பின்னால் குடத்தில் தண்ணீரோடு நடக்கிற அக்காவையும் சித்தியையும் பார்த்தவர்களுக்கு அந்த 160 புதிதாக இருக்காது.

போர்ப்பக்தியின் இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பகைவன்மேல் வெறுப்பு அதன் மையம் இல்லை. பக்கத்தில் நிற்பவனைத் தன் உடம்பாக உணர்வதுதான் மையம். 2011இல் லிபியாவில் கடாஃபிக்கு எதிராகச் சண்டையிட்ட மிஸ்ராட்டா நகரத்துப் படைப்பிரிவினர் 179 பேரிடம் ஹார்வி ஒயிட்ஹவுஸ் குழு கேட்டது: குடும்பத்தோடு எவ்வளவு ஒன்றியிருக்கிறீர்கள், படைத் தோழர்களோடு எவ்வளவு? ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, முன்னணியில் சண்டையிட்டவர்களில் 45 சதவீதத்தினர் குடும்பத்தை விட்டுத் தோழர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வண்டி ஓட்டியவர்கள், பழுதுபார்த்தவர்கள் போன்றோரில் அது 28 சதவீதம். ஒரே லட்சியம், ஒரே எதிரி. சேர்ந்து பட்ட பாடு மட்டும் வேறு.

பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அல்சூர் ஏரியைச் சுற்றி மதராஸ் சாப்பர்ஸ் முகாம்கள். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு. அதை ஒட்டிய தெருக்களுக்குப் போர்க்களங்களின் பெயர்: 1803இல் நடந்த அஸ்ஸாயே போரின் பெயரில் அஸ்ஸாயே சாலை, சிந்துவில் 1843இல் நடந்த மியானி போரின் பெயரில் மியானி அவென்யூ. காய்கறி வாங்கப் போகிற வழியெல்லாம் யுத்தம். இந்தப் பகுதியில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்குக் கண்டோன்மென்டும் ஒரு முக்கியக் காரணம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் அந்தச் சாப்பர்களை இராணுவம் முழுக்க அழைப்பது 'தம்பி' என்றுதான். வடக்கத்தி அதிகாரியும் தம்பி என்பார். எந்த ஊர்த் தாய் பெற்ற பிள்ளையோ, ஒரே கூடாரத்தில் படுத்து ஒரே தட்டில் தின்று தம்பியாகிவிடுகிறான். அபூ ஸைத் எழுதிவைத்த அந்தக் கவளச் சோறு இன்னும் தீரவில்லை.

இந்த இயந்திரம் எதைச் சுமக்கும் என்பதுதான் பயமுறுத்துகிற கேள்வி. ஈழத்தில் நம் கண்ணெதிரே அது எதைச் சுமந்தது என்பதை எந்தத் தமிழனும் மறந்திருக்க முடியாது. 1987 ஜூலை 5 நெல்லியடியில் தொடங்கிய, விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கரும்புலித் தற்கொலைத் தாக்குதல்கள், கழுத்தில் சயனைடு குப்பி, 1989 முதல் நவம்பர் 27இல் மாவீரர் நாள். இறந்தவர்களை எரிக்காமல் துயிலும் இல்லங்களில் அடக்கம் செய்தார்கள், விதைக்கப்பட்டவர்கள் என்றார்கள். வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் இயக்கத்துக்குள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி ஆனார்கள். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் அந்த உறவுக்காகச் செத்தார்கள். அவர்கள் சாவோடு சேர்ந்து மற்றவர்களும் செத்தார்கள். பேருந்திலும் சந்தையிலும் நின்றவர்கள், அவர்களும் யாருக்கோ அண்ணன் தம்பிதான். 2009க்குப்பின் அந்தக் கல்லறைகள் இராணுவத்தால் தரைமட்டமாக்கப்பட்டன. அப்படியும் தாய்மார்கள் நவம்பர் 27 அன்று அதே இடத்தில் விளக்கேற்றப் போகிறார்கள். இயக்கம் கொடுத்த உறவு போய்விட்டது, பெற்ற உறவு போகவில்லை. நடுகல் மரபின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்தத் தாய்மாரையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

ஆகவேதான் கரகம் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. இயந்திரத்தின் எல்லாப் பாகங்களும் அங்கே இருக்கின்றன. விரதம், குடும்பப் பிரிவு, வாள், சாவுச் சபதம், ஒரே தாய். சுமப்பவரின் மனைவி அந்த நாட்களில் தனித்திருக்க, அவளுடைய தாலியை அவரே அணிந்துகொள்கிறார். பேட்டையின் பழைய கரடி மனைகளில், அதாவது உடற்பயிற்சிக் கூடங்களில், பயின்று உரமேறிய உடம்புகள். ஆனால் எதிரி இல்லை. திமிராசுரன் செத்துப் பல யுகங்களாயிற்று. வாள் வெளியே நீளாமல் ஏந்தியவர் மார்பிலேயே தட்டுகிறது. போர் கழன்று விழுந்து, அது உண்டாக்கிய உறவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தமிழ்நாட்டுத் திரௌபதி வழிபாடும் இதே குடும்பம். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988லும் 1991லும் இரண்டு பெரும் தொகுதிகளாக எழுதியது செஞ்சிப் பகுதியை மையமாக வைத்து. பாரதக் கூத்து நாள்கணக்கில் நடக்கும், படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகக் கிடப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி. இலங்கை உடப்பிலும், சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அதே தணல். பெங்களூருவில் கமர்ஷியல் தெருவுக்குப் பக்கத்திலேயே தர்மராஜா கோயில் தெரு இருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழன் எங்கே போனாலும் பதினெட்டு நாள் போரை மூட்டை கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான். அந்தப் போரால் அங்கே யாரும் சாகவில்லை, அந்நிய மண்ணில் ஒருவருக்கொருவர் பங்காளியானார்கள்.

கரகத்தின் நிலப்பரப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்மிருதி சீனிவாஸ் 2001இல் வெளியான தன் நூலில் இதைத்தான் நுணுக்கமாகத் தொடர்ந்து போகிறார். கரகம் பிறப்பது நீரில். சம்பங்கி ஏரிக் கரையில் அது உருவாகும். அந்த ஏரி தூர்க்கப்பட்டு இப்போது அதன்மேல் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அரங்கத்தின் ஓரத்தில் மிஞ்சிய ஒரு குட்டைக்கு வீரகுமாரர்கள் இன்னும் போகிறார்கள். ஏரி பாசனத்தை நம்பி வாழ்ந்த தோட்டக்காரர்களின் ஏரியை நகரம் விழுங்கிவிட்டது, தோட்டங்களையும் விழுங்கிவிட்டது. வீரகுமாரர்களில் இன்று அலுவலகம் போகிறவர்கள் உண்டு, வாகனம் ஓட்டுகிறவர்கள் உண்டு. சேர்ந்து காக்க நிலம் இல்லாதபோதும் சேர்ந்து எடுக்கும் சபதம் இருக்கிறது.

ஊர்வலம் காட்டன்பேட்டை போகும்போது ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவில் நிற்கும். திரௌபதியும் அவள் படையும் ஒரு சூஃபி அடக்கத்தலத்தின் முன் நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இதை மத நல்லிணக்கம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இது ஓர் ஆய்வுக் கேள்வி. சான் பெத்ரோவில் உறவில்லாத பார்வையாளர்களின் இதயம் தீமிதிப்பவரோடு ஒத்துப்போகவில்லை. பெங்களூருவில் அதே மானிகளை மூன்று இடங்களில் கட்டிப் பார்க்க வேண்டும்: வாளேந்தி ஓடும் வீரகுமாரர்களுக்கு, திகளர்பேட்டை மாடிகளில் விழித்திருக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு, காட்டன்பேட்டை தர்காவில் கரகத்தை எதிர்பார்த்து நிற்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கு. முதல் இரண்டும் ஒத்துப்போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்றாவதும் ஒத்துப்போகும் என்பது என் கணிப்பு. தலைமுறை தலைமுறையாக அந்த வாசலில் அந்த வாள்களுக்காகக் காத்திருந்தவர்களை, அந்த வாள்கள் எந்தக் கணக்கில் அந்நியர் என்று எழுதும்?